30க்கு 40 அடி சைட்டில் இரண்டு ஆட்டுக்குட்டிகள், ஒன்று இருமுகிறது

மூலைசைட்டு | சனி, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் ஹொரமாவில் இருக்கிறோம். போன மாதம் கோலார் பக்கம் மச்சான் வீட்டிலிருந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுவந்தோம். ஒரு கிடாய், ஒரு பெட்டை. மூன்று மாதம் இருக்கும். வளர்த்து விற்கிற எண்ணமெல்லாம் இல்லை. ஒன்பது வயது மகள் கேட்டாள், சரி என்றுவிட்டேன். லட்டு, முறுக்கு என்று பெயரும் வைத்தாயிற்று. இனி வீட்டில் பிரியாணிப் பேச்சே எடுக்க முடியாது.

வீட்டை ஒட்டி ஒரு காலி சைட்டு, அதாவது வீட்டுமனை. அதன் சொந்தக்காரர் துபாயில். புதர் மண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார். பகலில் அங்கே கட்டுகிறோம். இரவில் கார் நிறுத்தும் இடத்தில், சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்து விடுகிறோம். நாலு நாளாக மழை. காலையில் பார்த்தால் சாக்கு சொதசொதவென்று இருக்கிறது. மழையால் இல்லை, மூத்திரத்தால். பெட்டைக்குட்டி முறுக்கு நேற்றிலிருந்து இருமுகிறது. மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது. தீனி மட்டும் எடுக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "மேக்கெனா, குரினா?" (வெள்ளாடா, செம்மறியா?) என்று கன்னடத்தில் கேட்டார். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வித்தியாசம் தெரியாத அவர்தான் இப்போதைக்கு எனக்கு ஆலோசகர். கொட்டகை எப்படிப் போடுவது? எவ்வளவு இடம் வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலத்துக்காரி | சனி, காலை 8:15

தம்பி, முதல் வேலையாக அந்தச் சாக்கை எடுத்து வெளியே வீசுங்கள்.

ஆடு குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. எங்கள் அப்பா ஆத்தூர்ப் பக்கம் நாற்பது உருப்படி வைத்திருந்தார். மார்கழிப் பனியில் ஒரு குட்டி போனதில்லை. ஐப்பசி அடைமழையில் பட்டி ஒழுகிய ஒரே வருடத்தில் ஏழு போயின. மேலே நனைவதைவிட அடியில் நனைவது மோசம். ராத்திரி முழுக்க மூத்திரத்தில் படுத்தால் வயிற்றுப்பக்கம் ஈரம் ஊறும், குளம்பு இடுக்கு புண்ணாகும். அதைவிடப் பெரிய கேடு அந்த நெடி. ஒரு சோதனை செய்து பாருங்கள். விடியற்காலையில் குட்டி படுக்கிற இடத்தில் அதே உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி மூன்று நிமிடம் உட்காருங்கள். கண் எரிந்தால், மூச்சு காறினால், அந்தக் காற்றைத்தான் முறுக்கு இரவெல்லாம் இழுக்கிறாள் என்று அர்த்தம். நாம் நின்றபடி பார்த்துவிட்டு "வாசனை ஒன்றும் இல்லையே" என்று சொல்லிவிடுகிறோம்.

என்னைக் கேட்டால் பரண்தான். தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்தில் மரச்சட்டம் அடித்த மேடை. சட்டத்துக்குச் சட்டம் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. புழுக்கையும் மூத்திரமும் கீழே விழ வேண்டும், குட்டியின் குளம்பு மாட்டக்கூடாது. வளர்ந்த ஆட்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து சதுர அடி, குட்டிக்கு நாலைந்து போதும். ஆனால் குட்டி குட்டியாகவே இருக்கப் போவதில்லை. இப்போதே எட்டுக்கு நாலு போட்டுவிடுங்கள். மேலே ஏற ஒரு சாய்வுப்பலகை, வழுக்காமல் இருக்கக் குறுக்கே ரீப்பர் அடித்தது.

மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தகரம் அடித்து மூடிவிடாதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அது. படுக்கிற உயரத்துக்கு மறைப்பு, அதற்கு மேல் வலை அல்லது சட்டம், கூரை நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். காற்று ஆட்டின் தலைக்கு மேலே ஓட வேண்டும், உடம்பின் மேல் நேராக அடிக்கக்கூடாது. நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் நல்லது. உங்கள் சைட்டு எந்தத் திசை பார்க்கிறதோ, முடிந்தவரை பாருங்கள்.

ஈஜிபுரா வாசி | சனி, காலை 9:02

அக்கா சொல்வது நாற்பது ஆட்டுக்குச் சரி. இரண்டு குட்டிக்குப் பரணா? நான் ஆறு வருடமாக மூன்று ஆடுகளைச் சிமெண்டுத் தரையில்தான் வைத்திருக்கிறேன். சரிவு கொடுத்து, ஓரத்தில் சிறு கால்வாய் விட்டு, தினமும் காலையில் குழாய் போட்டுக் கழுவிவிடுகிறேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

சேலத்துக்காரி | சனி, காலை 9:20

கழுவுகிறீர்கள், சரி. ஜூலை மாதத்து பெங்களூரில் கழுவின தரை எத்தனை மணிக்குக் காய்கிறது?

ஈஜிபுரா வாசி | சனி, காலை 9:31

மழைக்காலத்தில் கழுவுவதில்லை, கூட்டிவிட்டுச் சுண்ணாம்புத்தூள் தூவுவேன். அப்புறம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூலையில் பாட்டி காலத்து மரக்கட்டில் ஒன்று கிடக்கிறது. மூன்றும் ராத்திரி அதில் ஏறித்தான் படுக்கின்றன. நான் பழக்கவில்லை.

சேலத்துக்காரி | சனி, காலை 9:33

அதற்குப் பெயர்தான் தம்பி பரண்.

தச்சுப்பட்டறை | சனி, காலை 11:10

ஸ்ரீராமபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். புது மரம் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். பீன்யா பக்கம் பழைய சாமான் கடைகளில் தொழிற்சாலை பேலட் (சரக்கு அடுக்கும் மரச்சட்டத் தட்டு) கிடைக்கும், அதைப் பிரித்தால் சட்டம் தயார். ஒன்று கவனிக்கவும். வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டின் பக்கவாட்டில் முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வேண்டவே வேண்டாம். ஆடு படுப்பதோடு நிற்காது, கடிக்கவும் செய்யும். எண்ணெய்க்கறை, ரசாயனக் கறை பட்டதையும் தள்ளிவிடுங்கள்.

கால்களுக்கு நீலகிரிக் கம்பு போதும். மண்ணில் நேரே நடாதீர்கள், கரையான் முடித்துவிடும். ஹாலோ பிளாக் மேல் நிறுத்துங்கள். ஆணித்தலை ஒன்றுகூட மேலே துருத்தக்கூடாது. அடித்து முடித்ததும் உள்ளங்கையால் முழு மேடையையும் தடவிப் பாருங்கள்.

மூலைசைட்டு | சனி, மதியம் 1:25

விடியற்காலைக்குக் காத்திருக்க முடியவில்லை, அக்கா சொன்னபடி இப்போதே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சாக்கு குப்பைக்குப் போய்விட்டது. இன்றைக்கு இரவுக்குப் பழைய பெஞ்ச் இரண்டைச் சேர்த்துப் போட்டு, மேலே காய்ந்த ராகிப்புல் பரப்பியிருக்கிறேன். லட்டு உடனே ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறான். இருமலுக்கு என்ன செய்வது? ஓமம், சுக்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஊசிமருந்து | சனி, மாலை 6:50

ஹெப்பாளில் படித்துவிட்டுக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். கேட்டதற்கு முதலில்: எந்தக் கஷாயமானாலும் தலையை அண்ணாத்திப் பிடித்து வாயில் ஊற்றாதீர்கள். பாதி நுரையீரலுக்குள் போகும். லேசான இருமல் சளிக்காய்ச்சலாக மாறுவது பல வீடுகளில் இப்படித்தான்.

சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை ஆட்டுக்கென்றே வாங்குங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டுக்கு 102, 103 டிகிரி இயல்பு, நம் கணக்கில் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். 104ஐத் தாண்டினால், அல்லது மூக்கு ஒழுகுவது தண்ணீராக இல்லாமல் கெட்டியாக மஞ்சளாக மாறினால், தீனியை விட்டால், காத்திருக்காதீர்கள். 1962க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம்.

கெட்டியான சளியோடு காய்ச்சல், வாயில் புண், கழிச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் பி.பி.ஆர்., நம் ஊர்ப் பேச்சில் ஆட்டுக்கொல்லி. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அந்த ஊரில் எடுத்த கிருமியிலிருந்தே தமிழ்நாட்டில் தடுப்பூசியும் செய்தார்கள். குட்டிக்கு நாலு மாதம் ஆனதும் போடலாம், மூன்று வருடம் வரை தாங்கும். துள்ளுமாரிக்கு (குடலில் நச்சு உண்டாகித் திடீரென்று சாகடிக்கும் நோய்) வேறு ஊசி. அது மழைக்காலத்துக்கு முன்பு வருடா வருடம், முதல் தடவை மட்டும் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும். உங்கள் குட்டிகள் இருமிக்கொண்டிருக்கும்போது எந்த ஊசியும் வேண்டாம், தேறட்டும்.

இன்னொன்று. முறுக்கின் கீழ் இமையை விரலால் மெல்லக் கீழிறக்கி உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள். நல்ல ரோஜா நிறமா, வெளுத்திருக்கிறதா?

மூலைசைட்டு | சனி, இரவு 8:05

டாக்டர், 102.8. லட்டுக்கு நல்ல சிவப்பு. முறுக்குக்கு நிறமே இல்லை, பழைய காகிதம் மாதிரி வெளிர்.

ஊசிமருந்து | சனி, இரவு 8:22

அப்படியானால் இருமலைவிட அதுதான் முக்கியம். வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருக்க வாய்ப்பு அதிகம். சாணத்தைப் பரிசோதித்துவிட்டு மருந்து கொடுக்க வேண்டும். காலையில் விழுகிற புதுப் புழுக்கை பத்துப் பதினைந்தைச் சின்ன டப்பாவில் போட்டுப் பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செம்மறிக்குக் கொடுக்கிற அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது, அதனால் கடைக்காரர் சொல்கிற அளவை நம்பாதீர்கள். எடை போட்டுக் கொடுக்க வேண்டும். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் முடிந்தது.

காலி சைட்டில் காலை எத்தனை மணிக்குக் கட்டுகிறீர்கள்? புழுவின் இளசுகள் பனி ஈரத்தில் புல்லின் மேலே ஏறி நிற்கும். பனி காய்ந்த பிறகு அவிழ்த்துவிடுங்கள். முடிந்தால் தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள். வெள்ளாடு இயல்பாகவே குனிந்து மேய்கிற பிராணி இல்லை, நிமிர்ந்து கடிக்கிற பிராணி.

கோலார்மேடு | சனி, இரவு 9:40

தழை என்றதும் வந்துவிட்டேன். ஹொரமாவுக்குக் கிழக்கே ஹொசகோட்டே தாண்டினால் மல்பெரித் தோட்டங்கள் இருக்கின்றன. பட்டுப்பூச்சிக்குப் போட்டது போக மிஞ்சும் குச்சியும் இலையும் ஆட்டுக்கு லட்டு மாதிரி (உங்கள் லட்டு இல்லை). மருந்தடித்தது எப்போது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அகத்தி, முருங்கை, பலா இலை, வேம்பு எல்லாம் கலந்து கொடுங்கள். சவுண்டல் நல்ல தழைதான், ஆனால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். காய்ந்த தீனியாக ராகிப்புல்லும் கடலைக்கொடியும். வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாளைக்குப் பசுந்தழை மூன்று நாலு கிலோ, காய்ந்தது அரைக் கிலோவுக்குக் குறையாமல் என்று வைத்துக்கொண்டு, குட்டிகளுக்கு அதில் விகிதம் பாருங்கள்.

கே.ஆர். மார்க்கெட் முட்டைக்கோஸ் இலை இலவசம்தான். பிளாஸ்டிக்கும் கூடவே இலவசமாக வரும். உதறி உதறிப் பாருங்கள்.

வாசல் அரளி, வேலியோர உண்ணிச்செடி, ஆமணக்கு, இவற்றின் பக்கமே விடக்கூடாது. பெங்களூரில் இன்னொரு எமன் உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) இலை. பழம் நமக்கு ஜூஸ், இலை ஆட்டின் இதயத்துக்கு விஷம்.

மூலைசைட்டு | சனி, இரவு 9:48

ஐயோ. பின்பக்கம் பட்டர் ஃப்ரூட் மரம் நிற்கிறது. மகள் நேற்று விழுந்த இலை இரண்டை ஊட்டினாள்.

ஊசிமருந்து | சனி, இரவு 10:01

இரண்டு இலை, அதுவும் நேற்று. மூச்சு வாங்காமல், கழுத்தடி வீங்காமல், அசைபோட்டுக்கொண்டு இருந்தால் பதற வேண்டாம், கவனித்துக்கொண்டிருங்கள். இனி அந்தப் பக்கம் வேலி போட்டுவிடுங்கள். மகளைத் திட்டாதீர்கள்.

ஈஜிபுரா வாசி | ஞாயிறு, காலை 10:15

கேட்க மறந்தேன். கிடாயை அப்படியே விடப் போகிறீர்களா? இன்னும் சில மாதத்தில் தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொண்டு நிற்பான். அந்த நாற்றத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். கூடப் பிறந்த பெட்டை என்றும் பார்க்க மாட்டான்.

ஊசிமருந்து | ஞாயிறு, காலை 11:40

ஆமாம், காயடித்துவிடுவது நல்லது. எப்போது என்பதை நேரில் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்யட்டும். ரொம்பச் சின்ன வயதில் செய்தால் மூத்திரக்குழாய் குறுகலாகவே நின்றுவிடும் என்பதால் கொஞ்சம் வளரவிட்டுச் செய்யச் சொல்கிறவர்கள் உண்டு. காயடித்த கிடாய்க்குத் தவிடு, தானியம் அதிகமானால் கல் அடைக்கும். முக்கி முக்கி நிற்பதைச் சாணம் போட முடியவில்லை என்று தப்பாக நினைத்துவிடுவார்கள். தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும், ஆடு அழுக்குத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தாகத்தோடு திரும்பிவிடும். தாது உப்புக் கலவை கொஞ்சம். தானியம் செல்லத்துக்கு மட்டும்.

மூலைசைட்டு | புதன், இரவு 9:12

அவசரம். எதிர்வீட்டில் இன்று கிரகப்பிரவேசம். மிச்சமான சாம்பார் சாதத்தை யாரோ அன்பாக ஒரு வாளி கொண்டுவந்து லட்டுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் வீட்டில் இல்லை. பாதி வாளி காலி. இடப்பக்க வயிறு பந்து மாதிரி இருக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறான், அசைபோடவில்லை. முறுக்கு தொடவில்லை.

சேலத்துக்காரி | புதன், இரவு 9:15

படுக்கவிடாதீர்கள். முன்கால் இரண்டும் மேட்டில் இருக்கிற மாதிரி நிறுத்துங்கள். இடப்பக்கத்தை மெதுவாகப் பிசைந்துவிடுங்கள்.

ஊசிமருந்து | புதன், இரவு 9:19

1962க்கு அழைத்தீர்களா? கிடைக்கவில்லையென்றால் தெரிந்த மருத்துவர் யாருக்காவது இப்போதே. சோறு புளித்து வயிற்றில் அமிலமாகும், வாயு மட்டும் பிரச்சினை இல்லை. இனி ஒரு பருக்கை கூடாது, காய்ந்த புல் மட்டும் முன்னால் வையுங்கள். சமையல் சோடாவை நீங்களே அளந்து ஊற்ற வேண்டாம், வருகிறவர் எடை கேட்டு அளவு சொல்வார். கையை மடக்கி இடப்பக்கப் பள்ளத்தில் அழுத்தி வையுங்கள். வயிறு அலை மாதிரி உருண்டு கையைத் தள்ள வேண்டும், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. வருகிறதா?

மூலைசைட்டு | புதன், இரவு 9:26

மூன்று நிமிடம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு டாக்டர் கிளம்பிவிட்டார். மகள் அழுதுகொண்டு முன்காலைப் பிடித்திருக்கிறாள்.

மூலைசைட்டு | வியாழன், காலை 6:30

பிழைத்தான்.

டாக்டர் வந்ததும் வாய் வழியாகக் குழாய் விட்டார். வெளியே வந்த காற்றின் புளித்த நாற்றத்தில் தெருநாய்கூட எழுந்து போய்விட்டது. அப்புறம் சோடா கரைத்து அதே குழாயில் விட்டு, இரண்டு ஊசி போட்டார். ராத்திரி மூன்று மணிவரை அவன் இடப்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றே காலுக்கு உள்ளே ஏதோ புரண்டு என் முஷ்டியைத் தள்ளியது. கனவோ என்று நினைத்தேன். மறுபடி தள்ளியது. ஐந்து மணிக்கு ராகிப்புல்லில் ஒரு தாள் உருவினான்.

எதிர்வீட்டுக்காரர்கள் விடிந்ததும் வந்து வருத்தப்பட்டார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு? ஆட்டுக்குச் சோறு போட்டால் புண்ணியம் என்றுதானே நாமும் நினைத்திருந்தோம். கேட்டில் பலகை மாட்டப் போகிறேன், கன்னடத்திலும் தமிழிலும்: சோறு, ரொட்டி, பூஜைத் தேங்காய் எதுவும் கொடுக்க வேண்டாம்.

கோலார்மேடு | வியாழன், காலை 7:05

வாழைப்பழத் தோலையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். ஒன்றிரண்டு கொடுக்கலாம், பாவம்.

மூலைசைட்டு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5:20

பாக்கி விவரம். சாணப் பரிசோதனையில் டாக்டர் சொன்ன அதே புழுதான். மருந்து கொடுத்துப் பதினைந்து நாளில் முறுக்கின் இமை வெளிர்சிவப்புக்கு வந்துவிட்டது. பெஞ்சில் ஏறிய நான்காம் நாளே இருமல் குறைந்தது, இப்போது சுத்தமாக இல்லை. பி.பி.ஆர். ஊசி போட்டாயிற்று.

பரண் எட்டுக்கு நாலு, மூன்றரை அடி உயரம், பேலட் சட்டம், எல்லாம் எச்.டி. முத்திரை. மேடையை உள்ளங்கையால் தடவிப் பார்த்ததில் இரண்டு ஆணித்தலை கிடைத்தன, ஒன்று என் கையில். கீழே விழுகிற புழுக்கையை வாரம் ஒருமுறை வாருகிறோம். மொட்டை மாடித் தோட்டம் வைத்திருக்கும் பின்தெரு ஆன்ட்டி அதை வாங்கிக்கொண்டு கீரை கொடுக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சாக்கு இலவசம், கறிவேப்பிலைக்கு. இப்போது அவர் மேக்கெ என்றே சரியாகச் சொல்கிறார்.

இன்று முதல்முறையாகக் குளம்பு வெட்டினோம், ரோஜாச் செடி கத்திரியால். மகள் தலையைப் பிடித்துக்கொண்டு முருங்கைக் கொத்து காட்ட, நான் பின்காலை மடக்கி வைத்து இடுக்கில் அடைந்திருந்த கறுப்பைக் குத்தி எடுத்தேன். அந்த வாடை இன்னும் விரலில் இருக்கிறது. வளைந்து உள்ளே மடிந்திருந்த விளிம்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, வெள்ளைக்குள் லேசாகச் சிவப்பு தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். நாலு காலுக்கு நாற்பது நிமிடம். இன்னொருவன் பாக்கி.

சேலத்துக்காரி | ஞாயிறு, மாலை 6:02

பாறையில் ஏறி இறங்குகிற ஆட்டுக்குத் தானே தேயும், உங்கள் மர மேடையில் தேயாது. ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சைட்டில் நாலு பெரிய கல்லைப் போட்டு வையுங்கள், ஏறி விளையாடும்.

அது இருக்கட்டும், கதவுக்கு என்ன தாழ்ப்பாள் போட்டீர்கள்? வெறும் கொக்கி என்றால் உதட்டாலேயே தூக்கித் திறந்துவிடும்.

மூலைசைட்டு | ஞாயிறு, மாலை 6:40

அக்கா, இந்தப் பதிவை அரை மணி நேரம் முன்னால் போட்டிருக்கக் கூடாதா? வெறும் கொக்கிதான். பின்தெரு ஆன்ட்டி கொடுத்த கீரைக் கட்டும் என் மனைவியின் மல்லிகைச் செடியும் காலி.